எல்லை நிலத்தில் ஒரு அடுப்படி: இரண்டு அரசுகள் உரிமை கோரும் மண்ணைக் கற்பனை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஐந்தாறு இளம் பிள்ளைகள் கூடிக் கதை எழுதுகிறார்கள். எல்லோருக்கும் மாயாஜால உலகம்தான் வேண்டும். கொப்பியைத் திறந்ததும் எல்லோரும் வரைபடம் கீறத் தொடங்குவார்கள். ஒரு மலைத்தொடர், ஒரு ஆறு, நடுவே புள்ளிக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் இன்னொன்று. பிறகு அரண், குதிரைப்படை, சபதம், போர். மூன்றாம் அத்தியாயத்தில் பேனை நின்றுவிடும். "இனி என்ன எழுதுறதெண்டு தெரியேல்ல அக்கா" என்பார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் புள்ளிக்கோட்டில் யாரும் குடியிருக்கவில்லை. அங்கே உலை கொதிக்கவில்லை, பிள்ளை அழவில்லை, மாடு கட்டவிழ்த்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள் போகவில்லை. இரு தரப்பும் இழுக்கும் நிலத்தில் உண்மையாக வாழ்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சண்டையைப் பற்றி இரண்டு வசனம் சொல்வார்கள். தடையைத் தாண்டி நாலு பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை ஒரு மணித்தியாலம் சொல்வார்கள். அந்த நாலு பற்றரியிலிருந்து ஒரு உலகத்தைக் கட்டும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வழி நெடுக ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். என் கற்பனை நிலத்துக்குப் பெயர் கங்குவெளி. கங்கு என்றால் கரை, வரம்பு. 'கங்குகரை இல்லாத மகிழ்ச்சி' என்கிறோமே, அந்தக் கங்கு. தணல் துண்டுக்கும் கங்கு என்றே பெயர். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடந்ததைக் கண்ட அன்றுதான் எனக்கு அந்த உலகம் திறந்தது.

கங்குவெளிக்கு மேற்கே மலையரசு. அங்கே ஒவ்வொரு வீட்டு அடுப்பும் அரண்மனைத் தீயிலிருந்து பற்றவைத்தது. அந்தத் தீயில் தானியம் வேகும், மீன் வேகாது. கிழக்கே கரையரசு. அதன் தீ கலங்கரை விளக்கிலிருந்து பிரித்துக் கொடுப்பது. அதில் மீன் வேகும்; தானியம் எத்தனை நாழிகை வைத்தாலும் பச்சையாகவே கிடக்கும். நடுவில் இருக்கும் கங்குவெளிச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறும் மீனும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள். மாயம் இவ்வளவுதான். இனி வேலைக்கு வருவோம்.

படி 1: கோடு கீறும் முன் ஒரு வீடு

வரைபடத்தை ஓரமாக வையுங்கள். ஒரு குடும்பத்தை எடுங்கள். அதில் மூன்று தலைமுறை இருக்கட்டும். இது என் பிடிவாதமான ஆலோசனை. மூத்தவருக்கு எல்லை இல்லாத காலம் நினைவிருக்கும். நடுத்தலைமுறை எல்லையோடு மல்லுக்கட்டி அதன் நெளிவு சுளிவுகளைக் கற்றிருக்கும். பிள்ளைக்கோ எல்லை என்பது மழை, வெயில் மாதிரி. எப்போதும் இருந்த ஒன்று. ஒரே திண்ணையில் இந்த மூன்று பேரும் இருந்தால் நீங்கள் வரலாற்றை விளக்க வேண்டிய தேவையே வராது. அவர்கள் கதைப்பதிலேயே அது வந்துவிடும்.

கங்குவெளியில் என் வீடு பூரணம் ஆச்சியின் வீடு. தணல்சட்டி வனைவது அவர்களின் தொழில். மகன் வேலன். மருமகள் தாமரை மலைப்பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். பேத்தி சின்னிக்கு ஒன்பது வயது. வீட்டில் இரண்டு அடுப்பு: குசினிக்குள் சோற்று அடுப்பு, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் மீன் அடுப்பு. மலைப்படை வந்தால் மீன் அடுப்பைச் சாம்பலால் மூட வேண்டும். கரை அதிகாரி வந்தால் சோற்று அடுப்பின் மேல் சுளகைக் கவிழ்க்க வேண்டும். எந்த நாய் எந்தப் படைக்குக் குரைக்கிறது என்பது சின்னிக்குத் தெரியும்.

இப்போது அந்த வீட்டின் ஒரு நாளைச் சாப்பாட்டை எழுதுங்கள். அரிசி எங்கிருந்து, உப்பு எங்கிருந்து, சட்டி யாருடையது, விறகு வெட்ட யாரிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அது எந்த அரசின் கையைத் தாண்டி வருகிறது என்று குறியுங்கள். ஒரு பக்கம் நிறைந்ததும் எல்லை எங்கே ஓடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 2: எதற்காக இழுக்கிறார்கள்

நம்முடைய பழைய புறத்திணை இலக்கணம் போரை எங்கிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். முதலில் வருவது வெட்சி: பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருதல். அதை மீட்பது கரந்தை. மண்ணாசையால் படையெடுக்கும் வஞ்சி அதற்குப் பிறகுதான். முதல் சண்டை மாட்டுக்காக. மாடு என்றால் பால், உழவு, பிள்ளையின் உணவு. நிரை மீட்கப்போய் விழுந்தவனுக்கு வழியோரத்தில் நடுகல் நட்டு, பேரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டினார்கள். ஒரு எல்லை நிலம் முழுவதும் அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது: வயிறு, களவு, இழப்பு, வழியில் நிற்கும் கல்.

இலங்கையில் இன்னொரு பாடம் உப்பு. கண்டி இராச்சியத்துக்கும் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தருக்கும் இடையே நூறு வருடத்துக்கு மேல் இழுபறி நடந்தது. 1766 உடன்படிக்கையோடு கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போக, கண்டி கடல் இல்லாத இராச்சியமானது. மலைநாட்டில் நெல் விளையும், பாக்கு விளையும், உப்பு விளையாது. இந்த ஒரு தகவலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு நாவல் எழுதலாம் என்று நம்புகிறேன்.

ஆகவே உங்கள் உலகத்தில் ஒரு தரப்பிடம் இருந்து மறு தரப்பிடம் இல்லாத பொருள் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதன் பிறகு உரிமைக் கதைக்கு வாருங்கள். இரு தரப்புக்கும் 'நாங்கள்தான் முதலில் இங்கே இருந்தோம்' என்ற கதை ஒன்று இருக்கும். இரண்டையும் அரைப்பக்கம் அரைப்பக்கமாக எழுதுங்கள், ஒரு ஆச்சி தன் பேரப்பிள்ளைக்குச் சொல்வது போல. இரண்டையும் எழுதும்போது உங்கள் கண் கலங்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கலங்கினால் திரும்ப எழுதுங்கள். இந்தப் பயிற்சி கடினமானது. நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இன்னும் கடினமானது. ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு முன்னே போக வழியில்லை.

பெயர்களும் இங்கேயே தீர வேண்டும். மலையரசு அந்த நிலத்தைக் கீழ்வாசல் என்கிறது. கரையரசு மேல்வாசல் என்கிறது. இரண்டு பேருக்கும் அது வாசல்தான். வீடு வேறெங்கோ இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் அதற்கு ஒரு பெயரும் சொல்வதில்லை. ஊர் என்பார்கள். கங்குவெளி என்ற சொல் பழைய தாலாட்டு ஒன்றில் மட்டும் இருக்கிறது.

படி 3: கடவை

உங்கள் உழைப்பில் பாதியை இந்தப் படிக்குக் கொடுங்கள். எல்லை என்பது சனங்களுக்குக் கோடாகத் தெரிவதில்லை. தாங்கள் காத்து நிற்கும் ஒரு இடமாகவே தெரிகிறது.

கொழும்பிலிருந்து கண்டி வீதியால் போனால் கடவத்தை வரும். இன்றைக்கு அது பஸ் நெரிசலும் கடைத்தெருவுமான ஒரு நகரம். கடவத்தை என்ற சொல் சிங்களத்தில் எல்லைக் காவல் வாசலைக் குறிப்பது. நம்முடைய கடவை, கடவுச்சீட்டு என்ற சொற்களைக் கேட்ட காதுக்கு அது அந்நியமாக ஒலிக்காது. கண்டி இராச்சியத்தின் வழிகளில் இப்படிப்பட்ட முள் வாசல்கள் இருந்தன. 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டியில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் அவற்றைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். எனக்கு மிகப் பிடித்தது அவர் சொல்லும் கடவுச்சீட்டு. அது களிமண்ணில் பதித்த முத்திரை. படைவீரனுக்கு இடுப்பில் வாளும் தோளில் ஈட்டியும் ஏந்திய மனிதனின் உருவம். கமக்காரனுக்குத் தோளில் காவுதடியும் அதன் இரு முனையிலும் பையும் தொங்கும் உருவம். வெள்ளையனுக்குத் தொப்பி, கைத்தடி, வாள். எழுத வாசிக்கத் தெரியாத காவலாளிக்கும் யார் போகிறார் என்று பார்த்த உடனே விளங்கும். மழையில் நனைந்தால் என்ன ஆகும்? மடியில் வைத்து உடைந்தால்? அந்த வழியில் எத்தனை பேர் ஒரு களிமண் துண்டைக் குழந்தை மாதிரிப் பொத்திக்கொண்டு நடந்திருப்பார்கள்! எந்த மாயாஜாலக் கதையிலும் நான் காணாத நுணுக்கம், நம் வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து மைல் தொலைவில் கிடக்கிறது.

2003இல் எனக்குப் பதினொரு வயது. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தத்தோடு, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவைப் பார்க்கப் போனோம். இரவு பஸ். விடியும் நேரம் வவுனியா. ஓமந்தை இராணுவச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பையைத் தூக்கி, வரிசை. பை திறந்து மூடி, அடையாள அட்டை பார்த்து, மறுபடி வரிசை. பிறகு இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு வீதி. செஞ்சிலுவைக் கொடி பறந்தது. அந்த இடத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியது நினைவிருக்கிறது. புலிகளின் புளியங்குளச் சாவடியில் புதுப் படிவம், புது வரிசை, மறுபடி பை திறப்பு, கொண்டுபோகும் சாமானுக்கு வரி. அம்மா சாமான் பட்டியலைக் கையால் எழுதி இரண்டு பிரதி வைத்திருந்தா. அவவின் கைப்பையில் வலப்பக்க அறையில் ஒரு தரப்புக்குக் காட்டும் தாள்கள், இடப்பக்க அறையில் மற்றத் தரப்புக்கானவை. அந்த இரண்டும் ஒரு நாளும் கலந்ததில்லை. எனக்குச் சொன்னது ஒரே வசனம்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு பிள்ளை."

உங்கள் கடவையை எழுத நான் கேட்கும் கேள்விகள் இவை. நிழல் எங்கே இருக்கிறது, அது யாருக்கு? தண்ணீர் விற்பது யார்? பொதியைத் திறக்கும் ஆள் எந்தப் பொருளை முதலில் எடுப்பார்? கர்ப்பிணியை முன்னுக்கு விடுவார்களா? திருப்பி அனுப்பப்பட்டவர் எந்தப் பக்கம் நடக்கிறார், மற்றவர்கள் அவரைப் பார்க்கிறார்களா, முகத்தைத் திருப்புகிறார்களா? காத்திருக்கும் பெண்கள் ஒதுங்க எங்கே போகிறார்கள்? கடைசிக் கேள்வியை எந்தப் போர்க்கதையும் கேட்பதில்லை. அங்கே வரிசையில் நின்ற எந்தப் பெண்ணும் அதை மறக்கவும் இல்லை.

காவலாளியையும் எழுதுங்கள். கங்குவெளிக் கடவையில் நிற்கும் மலைப்படைப் பையனுக்குப் பத்தொன்பது வயது. ஊர்ப் பாஷை அவனுக்குத் தெரியாது. மூன்று வசனம் பாடமாக்கி வைத்திருக்கிறான்: 'சட்டியைத் திற', 'எங்கே போகிறாய்', 'நாளைக்கு வா'. இந்த மூன்றை மட்டும் வைத்து அவன் பூரணம் ஆச்சிக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரு கட்டம் வரும். எப்படிச் சொல்வான் என்று யோசித்து எழுதிய பக்கம்தான் நான் எழுதியதில் நல்ல பக்கம்.

படி 4: அரை மணித்தியாலம்

ஒரே நிலத்தில் இரண்டு ஒழுங்குகள் நடக்கும்போது அவை எங்கே உரசுகின்றன என்று தேடுங்கள். 1996இல் இலங்கை அரசு மின்சாரத்தைச் சேமிக்கக் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. அந்த ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரம் பழைய நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. புலிகளின் பகுதியான வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. ஆகவே கொழும்பிலிருந்து வன்னிக்குள் நுழைந்தால் அரை மணித்தியாலம் பின்னுக்கு. முகமாலைக் கடவை தாண்டி, அரசின் கையில் இருந்த யாழ்ப்பாணத்துக்குள் போனால் மறுபடி முன்னுக்கு. 'பழைய நேரமா, புது நேரமா?' என்று கேட்காமல் யாரையும் சந்திக்க முடியாது. அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை. மனதுக்குள்ளேயே கூட்டிக் கழித்துக்கொண்டா.

இந்த அரை மணித்தியாலம் போன்ற ஒன்றை உங்கள் உலகத்துக்குக் கண்டுபிடியுங்கள். சின்னதாக, தினசரி தொல்லை தருவதாக இருக்கட்டும். நாணயமாக இருக்கலாம், அளவைப் படியாக இருக்கலாம், துக்கம் காக்கும் நாட்களின் எண்ணிக்கையாக இருக்கலாம். கங்குவெளியில் மலையரசுக்குப் புது வருடம் அறுவடையில் பிறக்கிறது. கரையரசுக்கு வாடைக்காற்று ஓய்ந்த நாளில். சின்னி ஒரு கணக்கில் ஒன்பது வயது, மறு கணக்கில் பத்து. பத்து வயதானால் தலைவரி. இவ்வளவு போதும், ஒரு அத்தியாயம் தானாக நடக்கும்.

நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே பார்லே என்ற ஊரில் எல்லைக்கோடு வீடுகளுக்கு நடுவாலேயே ஓடுகிறது. முன்வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ, வீடும் அந்த நாட்டுக்கு என்பது அங்கே வழக்கு. அமைதியான ஊர் என்பதால் அது சுற்றுலாக் காட்சியாகிவிட்டது. உங்கள் உலகத்தில் அமைதி இல்லை என்றால் அதே வாசலை ஒரு தச்சன் ஒரே இரவில் மாற்றிவைக்க வேண்டி வரும்.

படி 5: இல்லாமையில் பிறக்கும் கைவேலை

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த யாரையாவது கேளுங்கள். மின்சாரம் இல்லை. பற்றரி, எரிபொருள், சீமெந்து, உரம் எல்லாம் தடை. அந்த இருட்டில் பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு: போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிச்சம். அதன் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். செய்தி முடியும் வரை ஆள் மாறி ஆள் சுற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.

இவற்றை அப்படியே பிரதி எடுத்து உங்கள் கதையில் வைக்க வேண்டாம். அவை உண்மையான மனிதர்களின் வாழ்வு. அவற்றின் பின்னால் இருக்கும் யோசிக்கும் முறையைப் பிடியுங்கள்: என்ன தடை, என்ன மிஞ்சி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு கைகாரன் என்ன செய்வான். கங்குவெளியில் தணலைக் கொண்டுபோவது தடை. பூரணம் ஆச்சி இரட்டைச் சுவர்ச் சட்டி வனைகிறா. வெளிச்சுவர் தொட்டால் குளிர்ந்திருக்கும். உள்ளே உமிச் சாம்பலில் புதைந்த கங்கு இரண்டு நாள் உயிரோடு கிடக்கும். சட்டியின் மேல் தயிர். அந்தத் தயிர் சூட்டில் சீக்கிரம் புளிக்கும், அதனால் கங்குவெளிச் சந்தையில் புளித்த தயிர் வாங்குபவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இப்படி ஒரு கள்ளத்தனம் சாப்பாட்டு ருசியாகவும், சந்தைப் பேச்சாகவும், கடைசியில் சடங்காகவும் மாறும்போதுதான் உங்கள் உலகம் மூச்சு விடத் தொடங்கும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் புளித்த தயிர் கொடுத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

படி 6: மாயத்துக்கும் எல்லை உண்டு

இது சின்னப் படி. மாயசக்தி எல்லையைச் சுலபமாகத் தாண்ட உதவினால் உங்கள் நிலம் கரைந்துவிடும். பறக்கும் ஆட்கள் இருந்தால் கடவை எதற்கு? மாயமும் தடைப்பட வேண்டும், அதற்கும் வரி வேண்டும், அதற்கும் வரிசை வேண்டும். இரண்டு தீயும் கலந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் கதையின் நெடுந்தூரம் வரை சொல்லாமல் வைத்திருங்கள்.

படி 7: நிலத்தின் முகம்

சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் துயர் தரும்போது கொள்ளும் கோலம்தான் பாலை என்கிறது. எல்லை நிலம் எழுதும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய வழிகாட்டல் கிடைக்காது. உங்கள் எல்லை நிலமும் ஒரு காலத்தில் வயலாக, மேய்ச்சலாக, கோயில் வீதியாக இருந்தது. அது எப்படிக் கெட்டது என்று காட்டுங்கள். கிணறு இருக்கும், கப்பி இருக்கும், கயிறு இருக்காது. மதில் இருக்கும் வீட்டுக்குக் கூரை இருக்காது. மரங்கள் உயர்ந்து நிற்கும். அடியில் மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை. கொரிய நாட்டை 1953 முதல் பிரிக்கும் நான்கு கிலோமீற்றர் அகலப் பட்டையில் மனிதர் காலடி அரிதாகிப்போனதால் கொக்குகள் வந்து தங்குகின்றன. அழகும் அச்சமும் ஒரே மரத்தில் கூடு கட்டும்.

எல்லை திறக்கும் ஒரு நாளையும் வையுங்கள். கச்சதீவு 1974 ஒப்பந்தத்தின்படி இலங்கைக்கு வந்தது. அதைப் பற்றிய வாதம் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இன்னும் ஓயவில்லை. ஆனால் அங்கே அந்தோனியார் திருவிழா வந்தால் இரு கரைத் தமிழரும் படகில் போய் ஒரே திருப்பலியில் நிற்கிறார்கள். அந்த ஒரு நாளில் யார் யாரைத் தேடுவார்கள், என்ன பண்டம் கைமாறும், எந்தப் பழைய கடன் தீரும்? வருடத்தின் மீதி நாட்கள் முழுவதும் அந்த நாளை நோக்கியே சாய்ந்திருக்கும்.

படி 8: மூன்றாவது ஆட்கள்

எல்லையில் இரண்டு தரப்பு மட்டும் இருப்பதாக எழுதுவது பொய். நான் இதை உறுதியாகச் சொல்வேன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் ஒதுங்கினார்கள். இரண்டு படைகள் மோதும் கதையாக மட்டும் அந்தக் காலத்தைச் சொன்னால் அவர்கள் கதையிலிருந்தும் இரண்டாம் முறை வெளியேற்றப்படுகிறார்கள். எல்லைக் கிராமங்களில் பயத்தோடு விளக்கணைத்துப் படுத்த சிங்களக் குடும்பங்களும் அப்படித்தான்.

ஆகவே இரு அரசின் கணக்கிலும் வராத ஒரு கூட்டத்தை உங்கள் நிலத்தில் தேடுங்கள். கங்குவெளியில் தீயே மூட்டாமல், வெயிலில் உலர்த்தியும் ஊறவைத்தும் உண்ணும் மக்கள் இருக்கிறார்கள். எந்தத் தீயும் அவர்களுடையது இல்லை என்பதால் இரு தரப்பும் அவர்களை ஒற்றர் என்கின்றன. பூரணம் ஆச்சிக்கு அவர்களில் ஒரு தோழி உண்டு. ஆச்சி அவளுக்குச் செய்த ஒரு துரோகமும் உண்டு. நல்ல பாத்திரங்களுக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்க வேண்டும். பயந்த மனிதர்கள் அயலாரைக் காட்டிக்கொடுப்பதும் எல்லை வாழ்வின் பகுதிதான்.

கொடுமைகளை எழுதும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய உண்மையான சாவையும் எடுத்து உடை மாற்றி உங்கள் கதைக்குள் நிறுத்தாதீர்கள். அதைச் சுமந்தவர்கள் இந்தக் கொழும்பிலேயே அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்கள், வாசிப்பார்கள்.

படி 9: எல்லை போன பிறகு

ஒரு நாள் கொழும்புக் கோட்டையிலிருந்து புறக்கோட்டைக்கு நடந்து பாருங்கள். இரண்டையும் பிரித்த மதில் 1870ஐ ஒட்டிய வருடங்களில் இடிக்கப்பட்டது. மதில் போய் ஒன்றரை நூற்றாண்டு. ஆனால் 'புறக்கோட்டை' என்ற சொல் இன்னமும் நம்மைக் கோட்டைக்கு வெளியே நிறுத்துகிறது. மெயின் வீதி முனையில் ஒல்லாந்தர் காலத்து மணிக்கூண்டு இருக்கிறது, வாசல் இல்லை. அதனருகே தேங்காய் விற்கிறவரிடம் கேட்டால் கய்மன் கேட் என்பார். கேட் எங்கே என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

உங்கள் கதையின் காலத்துக்கு நூறு வருடம் கழித்து அந்த நிலம் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதைக் கதைக்குள் சேர்க்க வேண்டாம், உங்களுக்கு மட்டும். கங்குவெளியில் அப்போது ஒரே அடுப்புத்தான். ஆனாலும் வீடு கட்டும்போது மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சதுரம் காலியாக விடுவார்கள். ஏன் என்று கேட்டால் 'முறை' என்பார்கள்.

படி 10: ஒரு கடத்தல், ஒரு காட்சி, ஒரு செவி

இப்போதுதான் எழுத உட்கார வேண்டும். போர் வேண்டாம், அரசன் வேண்டாம். ஒரு ஆள் ஒரு பொருளைக் கடவையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகிறார். அவ்வளவுதான் காட்சி. ஆயிரம் சொல்லுக்குள் முடியுங்கள். இதுவரை எழுதிய குறிப்புகளில் பத்தில் ஒன்றுதான் இதற்குள் வரும், மீதி அடியில் கிடந்து தாங்கும்.

எழுதி முடித்ததும் இப்படி ஒரு வரிசையில் உண்மையாக நின்ற ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தாளைக் கொடுக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள். அவர் எங்கே அசைகிறார், எங்கே ஜன்னலைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

நான் அம்மாவுக்குத்தான் வாசித்தேன். பூரணம் ஆச்சி சின்னியையும் கூட்டிக்கொண்டு தணல்சட்டியோடு கடவைக்கு வருகிறா. காவல்காரப் பையன் 'சட்டியைத் திற' என்கிறான். தயிரைப் பார்க்கிறான். எனக்கே நெஞ்சு படபடக்க வாசித்து முடித்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா:

"அந்த மனுசி சட்டியை எந்தக் கையில வச்சிருக்கிறா?"

"இரண்டு கையாலயும்தான் அம்மா. பாரமான சட்டியெல்லோ."

"அப்ப பிள்ளையை ஆர் பிடிச்சிருக்கிறது?"

அன்றிரவே அந்தக் காட்சியை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினேன். சட்டி இப்போது ஆச்சியின் தலையில், சும்மாட்டின் மேல் இருக்கிறது. ஒரு கை சட்டியில். மறு கையில் சின்னியின் மணிக்கட்டு.